குடிக்காதவரின் ஈரல்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ஈரல் பழுதாகிவிட்டது என்று கேள்விப்பட்டால் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "ஆள் குடிக்கிறவரோ?" பதுளை நகரத்திலும் அதுதான், பசறை, லுணுகலை, தெமோதரை, நமுனுகுலைத் தோட்டங்களிலும் அதுதான். இந்தக் கேள்வி காரணமில்லாமல் பிறந்ததல்ல. சாராயமும் கசிப்பும் லயன்களில் எத்தனை குடும்பங்களைச் சாய்த்திருக்கின்றன என்பதை மலையகத்தில் வாழும் எவருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. நோயாளி தன் நோயைத் தன் கையாலேயே தேடிக்கொண்டார் என்பதே அந்தத் தீர்ப்பு. நோயாளி ஒரு முஸ்லிமாக இருந்துவிட்டால் அதன் பாரம் இரட்டிப்பாகிறது. வெளியே தொழுதுகொண்டு உள்ளே வேறொருவராக வாழ்ந்தவர் என்றும் அவர் ஆகிவிடுகிறார்.

என் பெரிய மாமாவுக்கு நேர்ந்தது அதுதான். அவர் உம்மாவின் மூத்த சகோதரர். நகரத்தில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பார். இனிப்பான பால் தேநீர் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை குடிப்பார். சீனி வருத்தம் பதினைந்து வருடமாக இருந்தது. மதுவின் வாசம் எப்படியிருக்கும் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. அவருடைய கால்கள் வீங்கி, வயிற்றில் நீர் கட்டியபோது ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் இறுகிச் சுருங்கியிருந்தது. அடுத்த வருடம் அதே ஈரலில் ஒரு கட்டி தெரிந்தது. அது புற்றுநோய். சென்ற வருடம் அவர் மவுத்தானார்.

அந்த இரண்டு வருடமும் வருத்தம் பார்க்க வந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒருவர் மாமியிடம் அன்பாகவே கேட்டார்: "இப்ப எல்லாத்தையும் விட்டுட்டார் தானே?" மாமி சீனியையும் கொழுப்பையும் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஓம், எல்லாத்தையும் விட்டுட்டார்" என்று சொல்லிவிட்டார். வந்தவர் போன பிறகுதான் அந்தக் கேள்வியின் பொருள் மாமிக்கு விளங்கியது. அதன் பிறகு மாமா ஜும்ஆ முடிந்ததும் யாருடனும் நின்று பேசாமல் நேரே வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. இருபது வருடமாகக் குடித்தவர். அவருடைய மனைவி அதை மறைக்கவில்லை. உம்மா கொண்டுபோன கஞ்சியை அவர்களோடு பகிர்ந்துகொண்டபோது அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, உங்க அண்ணனும் குடிப்பாங்களா?" உம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "இல்ல மகள், அவர் அந்தப் பக்கமே பார்க்க மாட்டார்" என்றார். "அப்புறம் எப்படிம்மா ரெண்டு பேருக்கும் ஒரே வியாதியச் சொல்றாங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார். உண்மையில் டொக்டர் இரண்டு கட்டில்களிலும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருந்தார்: சிரோசிஸ்.

அன்று இரவு உம்மா என்னிடம், "நீ பயோ தானே படிக்கிற. நானாவுக்கு இது எப்படி வந்தது என்று ஆக்களுக்கு விளங்குற மாதிரி எனக்குச் சொல்லித் தா" என்றார். உயர்தர வகுப்பில் நிர்ப்பீடனத் தொகுதியை ஒரு பாடமாகவும் ஈரலை வேறொரு பாடமாகவும் படிக்கிறோம். உம்மாவின் கேள்விக்கு விடை இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருந்தது. ஆசிரியையிடம் கேட்டும் தேடி வாசித்தும் நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ளது. அதற்கு வரும் குருதியில் நான்கில் மூன்று பங்கு குடலிலிருந்து ஈரல் வாயினாளம் வழியாக வருகிறது. நாம் உண்ட உணவின் சத்து, விழுங்கிய மருந்து, குடலில் வாழும் பற்றீரியாக்களின் துணுக்குகள் எல்லாம் இந்த வழியாக முதலில் ஈரலுக்கே வந்து சேர்கின்றன. ஆகவே ஈரலுக்குள் காவலும் பலமாக இருக்கிறது. 1876இல் ஜேர்மன் உடற்கூற்றியலாளர் கார்ல் வில்ஹெல்ம் வொன் குப்பர் ஈரலில் நட்சத்திர வடிவக் கலங்களைக் கண்டறிந்தார். இன்று குப்பர் கலங்கள் என்று அவருடைய பெயரால் அழைக்கப்படுபவை வேறு கலங்கள். குருதியில் வரும் கிருமிகளையும் கழிவுகளையும் விழுங்கும் காவற்காரர்கள் அவை. அவர் அன்று கண்ட நட்சத்திரக் கலங்களோ விற்றமின் ஏயைச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருப்பவை. இந்த இரண்டு வகைக் கலங்களும் நம் கதையில் முக்கியமானவை.

காவல் பலமாக இருந்தாலும் ஈரலின் சுபாவம் பொறுமை. உணவிலிருந்து வரும் ஒவ்வொரு அந்நியப் பொருளுக்கும் அது போர் தொடுத்தால் நாம் ஒருநாள்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அதனால் ஈரலின் நிர்ப்பீடனக் கலங்கள் பெரும்பாலானவற்றைக் கண்டும் காணாமல் விட்டுவிடப் பழகியிருக்கின்றன. அந்தப் பொறுமை குலைந்து, சண்டை தொடங்கி, அது முடியாமல் நீளும்போதுதான் ஈரல் கெடுகிறது.

முதலில் வைரசை எடுத்துக்கொள்வோம். தோட்டங்களில் மஞ்சட்காமாலை என்றும் நாங்கள் செங்கண்மாரி என்றும் சொல்லும் நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஹெப்படைட்டிஸ் ஏ வைரசு. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவது. பீலித் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கும் வீடுகளுக்கு இது புதியதல்ல. இந்த வைரசு ஈரற் கலத்துக்குள் புகுந்து பெருகுகிறதே தவிர, தானாக அந்தக் கலத்தைப் பெரிதாகச் சேதப்படுத்துவதில்லை. சில வாரங்கள் கழித்து நம்முடைய கொல்லும் ரீ நிணநீர்க்குழியங்கள் வந்து, வைரசு ஒளிந்திருக்கும் ஈரற் கலங்களை அழிக்கின்றன. கண் மஞ்சளாவது அப்போதுதான். அதாவது மஞ்சள் நிறம் வைரசின் வேலையை விட நம் காவற்படையின் வேலையையே அதிகம் காட்டுகிறது. சிறு பிள்ளைகளுக்கு இந்தத் தொற்று பெரும்பாலும் மஞ்சளே தெரியாமல் வந்துபோவதும், பெரியவர்களைக் கடுமையாக வீழ்த்துவதும் இதனால்தான். சண்டை சில வாரங்களில் முடிந்து, வைரசு ஒழிந்து, ஈரல் புதிய கலங்களை வளர்த்துக்கொள்கிறது. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிய பிறகு துளிர்ப்பதைப் போல.

ஹெப்படைட்டிஸ் பி வேறுவிதமானது. குருதியாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும், வேறு சில வழிகளாலும் தொற்றுகிறது. வளர்ந்த ஒருவருக்குத் தொற்றினால் நூற்றுக்கு 95 பேரின் நிர்ப்பீடனத் தொகுதி அதை வென்றுவிடுகிறது. பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. குழந்தையின் காவற்படை அந்த வைரசைத் தன் வீட்டாள் என்று எண்ணிக்கொள்கிறது. பல வருடங்கள் சண்டையே இல்லை, ஈரலும் கெடுவதில்லை. பின்னர் காவற்படை விழித்துக்கொள்கிறது. ஆனால் அதனால் எல்லா வைரசையும் ஒழிக்கவும் முடியவில்லை, சண்டையை நிறுத்தவும் முடியவில்லை. கொஞ்சம் கொல்வதும் கொஞ்சம் விடுவதுமாக வருடக்கணக்கில் அது நீளுகிறது.

இங்கேதான் நான் வாசித்தவற்றில் என்னை மிகவும் யோசிக்கவைத்த பரிசோதனை வருகிறது. 1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிரான்சிஸ் சிசாரியின் ஆய்வுக்குழு எலிகளை வைத்து அதைச் செய்தது. அந்த எலிகளின் ஈரற் கலங்கள் ஹெப்படைட்டிஸ் பி வைரசின் மேலுறைப் புரதத்தைப் பிறப்பிலிருந்தே உருவாக்கும்படி மாற்றப்பட்டிருந்தன. அவற்றின் நிர்ப்பீடனத் தொகுதி அதைச் சொந்தப் புரதமாகவே ஏற்றுக்கொண்டதால் ஈரலுக்குச் சேதமில்லை. பிறகு அந்தப் புரதத்தை எதிரியாக அடையாளம் காணப் பழக்கப்பட்ட நிர்ப்பீடனக் கலங்களை அந்த எலிகளுக்குள் செலுத்தினார்கள். நீடித்த ஈரல் அழற்சி தொடங்கியது. காலப்போக்கில் ஈரற் புற்றுநோயும் வந்தது. அந்த எலிகளுக்குள் பெருகும் வைரசு இல்லை, மதுவும் இல்லை. முடிவுறாத சண்டை மட்டுமே இருந்தது. அதுவே புற்றுநோய்க்குப் போதுமாயிருந்தது.

அது எப்படி நிகழ்கிறது? சண்டையில் ஈரற் கலங்கள் இறக்கின்றன. இறந்தவற்றின் இடத்தை நிரப்ப மற்றவை பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவின்போதும் டீ.என்.ஏ. பிரதியெடுக்கப்படுகிறது, ஒவ்வொரு பிரதியிலும் பிழைக்கு இடமுண்டு. சண்டையிடும் கலங்கள் வெளிவிடும் ஒட்சிசன் மூலிகங்கள் டீ.என்.ஏ.யை மேலும் காயப்படுத்துகின்றன. ஹெப்படைட்டிஸ் பி வைரசு தன் டீ.என்.ஏ.யை நம்முடையதற்குள் செருகியும் விடுகிறது. அதனால் சிரோசிஸ் வராமலே புற்றுநோய் வருவதும் உண்டு. மறுபக்கம், அமைதியாக இருந்த நட்சத்திரக் கலங்கள் காவற்படையின் ஓலத்தைக் கேட்டு விழிக்கின்றன. சேமித்த விற்றமினைக் கைவிட்டுக் கொலாஜன் நார்களை நெய்யத் தொடங்குகின்றன. காயத்தை மூடத்தான் அப்படிச் செய்கின்றன. காயம் ஆறாமலே இருந்தால் தழும்பின்மேல் தழும்பு விழுந்து ஈரல் இறுகிவிடுகிறது. அதுதான் சிரோசிஸ். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டினால் தேயிலை துளிர்க்கும். மாதத்துக்கு ஒருமுறை வெட்டினால் என்னாகும் என்று எந்தத் தோட்டத்துப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது பக்கத்துக் கட்டிலுக்கு வருவோம். மது ஈரற் கலத்தை நேரடியாகவும் நஞ்சாக்குகிறது. அதோடு அது குடலின் சுவரையும் தளர்த்திவிடுகிறது. குடலுக்குள் இருக்கவேண்டிய பற்றீரியாத் துணுக்குகள் வழமையைவிட அதிகமாக ஈரல் வாயினாளத்தில் கசிகின்றன. குப்பர் கலங்கள் அவற்றைக் கண்டதும் பொறுமையிழந்து அழற்சியை மூட்டும் இரசாயனங்களைச் சுரக்கின்றன. மற்றக் காவற் கலங்கள் ஓடி வருகின்றன. நட்சத்திரக் கலங்கள் விழிக்கின்றன. நார்கள் சேர்கின்றன.

மாமாவின் கட்டிலில் மது இல்லை. அங்கே நடந்தது இது. உடல் செலவழிப்பதைவிட அதிகமான மாவும் சீனியும் எண்ணெயும் வரும்போது ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது. சீனி வருத்தத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் இந்தக் கொழுப்பு இன்னும் கூடுகிறது. கொழுப்பு நிறைந்த சில கலங்கள் திணறி இறக்கின்றன. அவை இறக்கும்போது வெளிவிடும் பொருள்கள் காவற்படைக்கு அபாய மணியாகக் கேட்கின்றன. குப்பர் கலங்கள் எழுகின்றன, ரீ நிணநீர்க்குழியங்கள் குவிகின்றன, நட்சத்திரக் கலங்கள் நார் நெய்கின்றன. வாசல் வேறு, உள்ளே நடந்த சண்டை ஒன்று. டொக்டர் இரண்டு கட்டில்களிலும் ஒரே சொல்லைச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

கொழுப்பு ஈரல் உள்ள எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலானோருக்குச் சண்டை மூளுவதேயில்லை. ஒரு பகுதியினருக்கே அழற்சியும் தழும்பும் வருகின்றன. ஆனால் கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் தொகை பெரிது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2007இல் ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானோரைப் பரிசோதித்தபோது, மதுவோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது. அது நகரப்புறம். நுவரெலியா மாவட்டத்தின் லிந்துலைத் தோட்டங்களில் செய்யப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், நாள் முழுவதும் மலையேறி இறங்கி உழைக்கும் குறைந்த வருமான மக்களிடையேயும் அது 18 வீதமாக இருந்தது. கோதுமை ரொட்டியும் சீனித் தேத்தண்ணீரும் எங்கள் ஊவா தோட்டங்களிலும் அன்றாட உணவுதான். உடல் உழைப்பு மட்டும் ஒருவரைக் காத்துவிடும் என்று இருக்க முடியாது. இலங்கையில் ஹெப்படைட்டிஸ் பி, சி தொற்றுகள் குறைவு. இங்கே ஈரற் புற்றுநோய் வருபவர்களில் பெரும்பாலானோரிடம் இந்த வைரசுகள் காணப்படுவதில்லை. உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 8 இலட்சத்து 66 ஆயிரம் பேருக்குப் புதிதாக ஈரற் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 7 இலட்சத்து 58 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள்.

வைரசின் வாசலை மூட நம்மிடம் ஒரு பூட்டு இருக்கிறது. அமெரிக்கரான பரூக் பிளம்பர்க் 1960களில் ஓர் அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் குருதியில் கண்ட புரதமே ஹெப்படைட்டிஸ் பி வைரசின் மேலுறை என்று பின்னர் தெரிந்தது. அதிலிருந்து தடுப்பூசி பிறந்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இந்த ஊசியை முதலில் போடத் தொடங்கியது தாய்வான், 1984இல். அங்கே 6 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளில் ஈரற் புற்றுநோய், ஒரு இலட்சம் பேருக்கு 0.70 என்பதிலிருந்து பத்து வருடங்களுக்குள் 0.36 ஆகக் குறைந்தது. ஓர் ஊசியால் ஒரு புற்றுநோயைத் தடுக்க முடியும் என்று உலகம் கண்டது அப்போதுதான். இலங்கையில் 2003இல் இது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024இல் உலக சுகாதார ஸ்தாபனம், ஹெப்படைட்டிஸ் பியைக் கட்டுப்படுத்தும் இலக்கை இலங்கை அடைந்துவிட்டதாக அறிவித்தது. என் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களுக்கு நேரே திகதிகள் இருந்தன. அந்த வயதில் எனக்கு ஊசி போட்ட குடும்பநல உத்தியோகத்தரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதே ஊசிதான், அதே மாதங்கள்தான். 2003க்கு முன் பிறந்த நம் பெற்றோர்கள் அந்தத் திட்டத்துக்குள் வரவில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாட்களில் பலரும் மாமாவுக்குக் கீழ்க்காய்நெல்லி கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவும் மருந்து எடுக்க நகரத்துக்கு வந்தபோது ஒரு பிடி பிடுங்கி வந்தார். இந்த இலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், பிளம்பர்க் ஆகியோர் சேர்ந்து எழுதிய கட்டுரை லான்செட் இதழில் வெளிவந்தது. ஹெப்படைட்டிஸ் பி வைரசைச் சுமந்த 37 பேருக்குக் கீழ்க்காய்நெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேரின் குருதியில் வைரசின் மேலுறைப் புரதம் இல்லாமல் போனது என்று அது கூறியது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் செய்த பரிசோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழ்க்காய்நெல்லி குடித்து மஞ்சள் மாறியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். ஹெப்படைட்டிஸ் ஏ ஆக இருந்தால் காவற்படை சில வாரங்களில் தன் சண்டையைத் தானே முடித்துவிடும். இலை குடித்தாலும் குடிக்காவிட்டாலும் மஞ்சள் மாறும். சிரோசிஸ் அப்படியல்ல. அதில் மஞ்சள் தோன்றினால் அது ஈரல் தோற்றுக்கொண்டிருப்பதன் அடையாளம். அப்போது இலையை நம்பி வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நட்டம். மாமி கொண்டுவந்த எல்லோருக்கும் நன்றி சொல்லி இலையை வாங்கிக்கொண்டார். கிளினிக் நாளைத் தவறவிடவில்லை.

புற்றுநோய்க்கு எதிராக நிர்ப்பீடனத் தொகுதியையே ஏவிவிடும் சிகிச்சையைப் பற்றியும் வாசித்தேன். களைத்துப்போன ரீ நிணநீர்க்குழியங்களை மீண்டும் எழுப்பும் வழியைக் கண்டதற்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், அவ்வகை மருந்தொன்றை இன்னொரு மருந்தோடு சேர்த்துப் பெற்ற ஈரற் புற்றுநோயாளர்கள் பழைய மருந்து பெற்றவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள். ஆனால் 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு எச்சரிக்கை தந்தது. கொழுப்பு ஈரலால் புற்றுநோய் வந்த எலிகளுக்கு இந்த வகைச் சிகிச்சை கொடுத்தபோது கட்டி சுருங்கவில்லை. புற்றுநோய் வருமுன்பே கொடுத்த எலிகளில் அது கூடியது. அந்த ஈரலில் குவிந்திருந்த ரீ நிணநீர்க்குழியங்கள் ஏற்கெனவே ஈரலையே காயப்படுத்திக்கொண்டிருந்தவை. அவற்றை எழுப்பினால் அவை அந்தக் காயப்படுத்தலைத்தான் தொடர்ந்தன. ஒரே ஈரற் புற்றுநோய் என்று பெயரிட்டாலும், சண்டை எந்த வாசலால் தொடங்கியது என்பது சிகிச்சையிலும் முக்கியம் என்பதை விஞ்ஞானிகள் இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் உம்மாவுக்குச் சொன்னபோது அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தப் பிள்ளையின் மனுசனையும் நாங்க ஒன்றும் சொல்ல ஏலாது" என்றார். மாமாவின் பெயரைக் காப்பாற்றத்தான் நான் தேடத் தொடங்கினேன். உம்மா அதைவிடத் தூரம் போய்விட்டார். மது ஹராம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அது ஈரலுக்கு நஞ்சு என்பதிலும் விஞ்ஞானத்துக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒருவரின் ஈரல் அவருடைய நன்னடத்தைச் சான்றிதழல்ல. வீண் சந்தேகத்தையும் புறம்பேசுவதையும் விட்டு விலகும்படி மார்க்கம் நமக்குச் சொல்கிறது. வருத்தம் பார்க்கப் போவது ஸுன்னத். அங்கே போய் நோயாளியை விசாரணை செய்வது ஸுன்னத்தல்ல. அந்தச் சந்தேகத்துக்குப் பயந்து எத்தனை பேர் ஈரல் என்ற சொல்லையே வெளியில் சொல்லாமல், ஸ்கேன் எடுக்காமல், நாட்களைக் கடத்துகிறார்கள் என்று நினைக்கும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. இந்த நோய் நீண்ட காலம் வலிக்காது. வலியில்லாத அந்த வருடங்கள்தான் சண்டையை நிறுத்தக்கூடிய வருடங்கள்.

பக்கத்துக் கட்டில்காரர் குடியை விட்டுவிட்டார். அவருடைய மனைவி இடைக்கிடை உம்மாவுக்குக் கோல் எடுப்பார். மாதாமாதம் கிளினிக் போகிறாராம். வயிற்றில் நீர் குறைந்திருக்கிறதாம். சிரோசிஸ் வந்த பிறகும் குடியை நிறுத்துவது பலருக்கு ஆயுளைக் கூட்டும் என்று டொக்டர் சொன்னதை அந்த அம்மா இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். குடித்தவர் இருக்கிறார், குடிக்காத மாமா போய்விட்டார். அல்லாஹ்வின் நாட்டம். அவர் நலமாயிருக்க நாங்கள் துஆச் செய்கிறோம்.

இதை வாசிக்கும் பெற்றோர்களிடம் சில வேண்டுகோள்கள். சீனி வருத்தம், அதிக உடற்பருமன், குருதியில் கொழுப்பு உள்ளவர்கள் அடுத்த முறை கிளினிக் போகும்போது, "என் ஈரல் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். ஒரு குருதிப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் போதிய தொடக்கம். ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறதா என்றும் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்தால் கட்டி சிறியதாக இருக்கும்போதே பிடிபடும். அப்போது வெட்டி அகற்றவோ எரித்து அழிக்கவோ வழியுண்டு. கைக்குழந்தைகளின் ஊசித் திகதிகளைத் தவறவிடாதீர்கள். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். மாணவிகளாகிய நாங்கள் வீட்டில் தேநீர் ஊற்றுபவர்கள். கரண்டி எங்கள் கையில்தான் இருக்கிறது.

மாமாவின் மூத்த மகனுக்கு இப்போது 27 வயது. வாப்பாவைப் போலவே நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. மாமா மவுத்தான பிறகு ஸ்கேன் எடுத்தபோது அவருடைய ஈரலிலும் கொழுப்பு இருந்தது. தழும்பு இன்னும் விழவில்லை. உடல் எடையில் 7 முதல் 10 வீதத்தைக் குறைத்தால் கொழுப்பு மட்டுமல்ல, அழற்சியும் அடங்கும் என்று டொக்டர் சொன்னார். அவர் ஸுபஹ் தொழுதுவிட்டு பதுளு ஓயாப் பக்கமாக ஒரு மணிநேரம் நடக்கத் தொடங்கினார். தேநீருக்குச் சீனி போடுவதில்லை. முதலில் அவர் தனியாகத்தான் நடந்தார். இப்போது எங்கள் வாப்பாவும், மாமியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவரின் மகனும் அவரோடு நடக்கிறார்கள். ஆறு மாதத்தில் அவர் ஐந்து கிலோ குறைந்திருக்கிறார்.